சரிவின் தோற்றம்

பங்கு விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்படித்தான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் குழந்தைவேலு. ஆபீஸில் கேவி. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் பங்கு விலையைத் திரையில் வரைந்து காட்டும் 'நேர்கோடு' என்ற மென்பொருளைத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. செல்போனை உற்றுப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போனவர்கள் எல்லாம் பெரிய திரைக்குத் திரும்பிவிட்ட காலம் இது. வீட்டுக்கு வீடு மேஜை மேல் ஒரு பெரிய திரை. அதன் மேல் விளிம்பில் மிளகளவு கறுப்பாக ஒரு கேமரா. நீங்கள் உட்கார்ந்ததும் உங்கள் கண்ணைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். கூன் போட்டால் மரியாதையாக நிமிரச் சொல்லும். அதை யாரும் கேமரா என்று நினைப்பதே இல்லை.

நேர்கோட்டில் 'தோற்றம்' என்று ஒரு பகுதி உண்டு. அது முழுக்க என் கைவேலை. ஒரு நாள் விலையை ஒரு குட்டிக் கம்பமாக வரைவோம், அதற்குக் கேண்டில் என்று பெயர். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. இந்த நிறம் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கம்பத்தின் தடிமன், பின்னணி, கட்டங்கள், எழுத்தின் அளவு, எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி எல்லாவற்றையும் மஞ்சளாக்கி வைத்திருந்தார். கரூரில் ஒருவர், சிவப்பைப் பார்த்தால் பிரஷர் ஏறுகிறது என்று சொல்லி, இறங்கும் கேண்டிலுக்கு இளநீலம் கேட்டு வாங்கினார். நஷ்டம் அதேதான், ஆனால் மனிதர் நிம்மதியாக இருந்தார்.

இதில் முக்கியமானது நிறம் அல்ல, பக்கவாட்டில் நிற்கிற அளவுகோல். அதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் பெரிய வீழ்ச்சிகூட வயல் வரப்பு மாதிரி தெரியும். விலைக்கு ஒட்டினாற்போல் தொடங்கினால் வரப்பு மலையாகிவிடும். இரண்டிலும் எண் ஒன்றுதான். எங்கே தொடங்குவது என்பதை, பார்க்கிறவரே முடிவு செய்துகொள்ள ஒரு பட்டன் வைத்திருந்தேன். அவர் தொடாதவரை அளவுகோல் மாறாது. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று இறங்கிப் பார்க்காமல் போட மாட்டேன். காய்கறிக்காரர் தராசில் கை வைக்கிறாரா என்று அவர் முழங்கையைப் பார்ப்பேன். நான் எழுதிய புரோகிராமை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. வினை அங்கேதான் வந்தது.

என் மனைவி சுகந்தாமணி தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். தொண்டை கட்டிப்போய், டாக்டர் இனிமேல் கத்தக்கூடாது என்றதும் வேலையை விட்டாள். வந்த பணத்தில் வடவள்ளியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. வீடு காலியாகச் சில மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா கிடப்பானேன் என்று உள்ளூர் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கிப் போட்டாள். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் பணம் அவளுடையது. மென்பொருள் மட்டும் என்னுடையது.

புதன்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்து வேலை. அப்படி ஒரு புதன்கிழமை, "என்னாச்சு உன்ற பம்ப்பு?" என்று கேட்டேன்.

"சித்தெ எறங்கியிருக்குதுங்க. ஏறிக்கும்" என்றாள்.

அந்த நேரம் கேஸ் சிலிண்டர்காரர் மணியடிக்க, அவள் எழுந்து போனாள். நான் சும்மா அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்தேன். சிவப்புக் கம்பங்கள் மேல் மூலையில் தொடங்கிக் கீழ் மூலையில் போய் விழுந்து கிடந்தன. இதற்கா சித்தெ? இதுவா கொஞ்சம்?

"அம்முணி, இங்க வா!" என்று கத்தினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார, நான் எழுந்து பின்னால் நின்றேன். ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரையைப் பார்த்தால், அந்தச் செங்குத்துச் சரிவைக் காணோம். வெளிறிய செம்மண் நிறத்தில், சாவகாசமாக இறங்கும் ஒரு மேடு இருந்தது.

"என்ன பண்ணுனே?"

"என்ன பண்ணுனேன்?"

"இப்பத்தான பாத்தேன், தலைகீழா விழுந்து கெடந்துச்சு. அளவை மாத்திட்டியா?"

"நான் எதையும் தொடலீங்க."

"தொடாம எப்படி மாறும்? இதை எழுதுனவன் நான். யாராவது அமுக்குனாத்தான் மாறும். எனக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்தியிருக்கறே."

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எதுக்கு மறைக்கோணும்? என்ற பணம். ஐநூத்தி நாப்பதுன்னு ஓரத்துல எழுதியிருக்குது பாருங்க. அதை மறைச்சனா?"

எண் அங்கே இருந்தது. பிசகாத எண். சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

"எழுநூறுக்கு வாங்குனதுதான இது? ஐநூத்தி நாப்பது உனக்கு சித்தெயா?"

அவள் ஒரு நிமிடம் திரையையே பார்த்தாள். "பாக்கறதுக்கு அப்படித் தெரியலீங்களே" என்றாள். பிறகு அவளுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. "நீங்கதான் இதுல ஏதோ வேலை பண்ணியிருக்கறீங்க. நான் பயந்துக்கிட்டு வித்துப் போடோணும், அதுதான உங்க ரோசனை?"

"பொய் சொல்றதும் சொல்லிட்டு என்னையே கேக்கறியா?"

பொய் என்ற வார்த்தையை அவளிடம் அதுவரை நான் சொன்னதில்லை. அன்று சாயங்காலம்தான் அவள் பதில் சொன்னாள். "பணம் போனாப் போகுதுங்க. இந்த வீட்டுல நான் சொன்னா நம்பறதுக்கு ஒரு ஆளு இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நம்பவில்லை. புரோகிராம் தானாக மாறாது. மனுஷிதான் மாறுவாள். அப்படி ஒரு புத்தி எனக்கு.

அடுத்த புதன்கிழமை, ஹாலில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கதவிடுக்கில் அவள் முதுகும், அதற்கு அப்பால் திரையும் தெரிந்தன. கட்டின மனைவியை வேவு பார்ப்பதைப் போலக் கேவலம் எதுவும் இல்லை. கேவலம் என்று தெரிந்தேதான் பார்த்தேன். அவள் கை மவுஸைத் தொடுகிறதா என்பதிலேயே என் கண் இருந்தது. திரையில் அதே சாவகாசமான மேடு.

வெயில் தாங்காமல் அவள் முகம் கழுவ எழுந்து போனபோது, பிடிபடாமலிருக்க லேப்டாப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டேன்; அவள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்தேன். துண்டால் நெற்றியை ஒற்றும்போது ஸ்டிக்கர் பொட்டு விரலோடு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கண்ணாடிகளின் ஓரமெல்லாம் அவள் கழற்றி ஒட்டிய பொட்டுகள்தாம். அந்த அறையில் கண்ணாடி இல்லை. கை பழக்கத்தில் திரையின் மேல் விளிம்பில் பொட்டை ஒட்டிவிட்டு, துண்டை இரண்டு கையாலும் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மேடு விழுந்தது. ஆமாம், விழுந்தது. வெளிறிய நிறம் ரத்தச் சிவப்பாயிற்று. கம்பங்கள் மேலிருந்து கீழே நெட்டுக்குத்தாக நின்றன. அவள் இரண்டு கையும் துண்டில் இருந்தன.

துண்டை எடுத்துப் பார்த்தவள், "ஐயோ!" என்று எழுந்துவிட்டாள். "ஏனுங்க! எல்லாம் போச்சுங்க!"

நான் ஓடிப்போய் எண்ணைப் பார்த்தேன். ஐநூற்று இருபத்தொன்று. ஒரு நிமிடத்துக்கு முன்னால் இருந்த அதே எண்தான். பொட்டு அந்த மிளகளவு கேமராவின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. நகத்தால் பெயர்த்தேன். அவளை உட்காரச் சொன்னேன். சிவப்பு மெல்ல வெளிறி, சரிவு படுத்துக்கொண்டது. மறுபடி ஒட்டினேன். எழுந்து நின்றது. இப்படி நாலைந்து தடவை எடுத்தோம், ஒட்டினோம்.

"என்னைப் பாத்தா ஒரு மாதிரி, உங்களைப் பாத்தா ஒரு மாதிரி காட்டுதுங்களா?" என்றாள்.

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப நான் பொய் சொல்லல."

"சொல்லல, அம்முணி."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குள் கோபம் முந்திக்கொண்டது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனேன்.

நிரஞ்சனா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். சென்னைப் பெண். நேர்கோட்டில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக்கூடாது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். காபி மெஷின் பக்கத்தில் பிடித்தேன்.

"என் தோற்றம் பகுதியை யாரும்மா தொட்டது?"

"யாரும் தொடல கேவி சார். உங்க புரோகிராம் நீங்க எழுதின மாதிரியேதான் இருக்கு. அதோட பட்டன்களை அமுக்கறதுக்கு ஒரு ஆளைச் சேத்திருக்கோம், அவ்வளவுதான்."

"எந்த ஆளு?"

"அதுக்குப் பேரு 'இதம்'. கேமராவுல கண்ணு பாப்பாவைப் பாக்கும், கழுத்து நரம்புத் துடிப்பைப் பாக்கும். ஆள் பயப்படறாங்கன்னு தெரிஞ்சா நிறத்தைக் கொறைக்கும், அளவுகோலைப் பூஜ்யத்துப் பக்கம் தள்ளி வைக்கும், எண்ணைச் சின்னதாக்கும். தைரியமா இருந்தா ஒண்ணும் பண்ணாது. முகம் தெரியலைன்னா நீங்க வெச்ச பழைய தோற்றம். கரூர்க்காரர் ஒருத்தர் இளநீலம் கேட்டாரே, அவர் குடுத்த ஐடியாதான் சார் இது. அவருக்குப் பிரஷர் கொறஞ்சதா இல்லையா?"

"அவர் கேட்டு வாங்கினாரு. என் சம்சாரம் கேக்கலையே."

"புது வெர்ஷன் போடும்போது 'சம்மதம்'னு அமுக்கியிருப்பாங்க."

"அதை யாரு படிக்கறாங்க?"

"அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" கோப்பையை ஊதினாள். "ஒரு நம்பரையாவது நாங்க மாத்தியிருக்கோமா, சொல்லுங்க. ஒண்ணு. எல்லாம் அப்படியே இருக்கு. போன வருஷம் மார்க்கெட் விழுந்தப்ப எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க! இதம் வந்தப்புறம் யாரும் பதறி விக்கறதில்லை. நிம்மதியா இருக்காங்க."

"விக்க வேண்டிய நேரத்துலயும் விக்கறதில்ல."

"அது அவங்க முடிவு."

"இல்லம்மா. அது அவங்க கண்ணோட முடிவு. கண்ணுக்கு நீங்க காட்டறதுதான் தெரியும்." எனக்குள் இருந்த சந்தேகப் பேர்வழி விழித்துக்கொண்டான். "யாருக்கு எவ்வளவு இதம்னு அந்தக் கேமரா மட்டுந்தான் முடிவு பண்ணுதா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "பெரும்பாலும்" என்றாள்.

"மீதி?"

"ப்ரோக்கர்கள் சில பங்குகளுக்குக் கொஞ்சம் கூடுதலா வைக்கச் சொல்லுவாங்க. நமக்குச் சம்பளம் அவங்க குடுக்கறதுதானே சார்."

"பெரிய ஆளுங்க வித்துட்டு வெளிய போற வரைக்கும் சின்ன ஆளுங்க பதறாம இருக்கறதுக்கா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லி, நாற்காலி எதுவும் காலியாக இருக்கிறதா என்று தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தாள். "ஒண்ணு பண்றேன். உங்க வீட்டு மெஷின்ல மட்டும் இதத்தை நிறுத்திடறேன். போதுமா?"

போதாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கும், இன்னும் முகம் தெரியாத எத்தனையோ பேருக்கும் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கடன், வயது, இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்ற யோசனை எல்லாம் ஒன்றாக வந்தன. "சரிம்மா" என்றேன். லிஃப்ட்டில் இறங்கும்போது என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். காலைச் சாப்பாடு முடிந்து, சுகந்தாமணியைத் திரை முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண் பாப்பா, கழுத்து நரம்பு, ப்ரோக்கர், ஒன்றையும் விடவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் தப்புக் கணக்குப் போடுவதைக் கேட்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"நமக்கு மட்டும் நிறுத்தியிருக்கறாங்களா?"

"ஆமா."

"மத்தவங்களுக்கு?"

நான் திரையைக் கொஞ்சம் நேராகத் திருப்பி வைத்தேன்.

"சரி. நமக்கு நிறுத்திட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதோ பாரு, நீ உக்காந்தும் சிவப்பாத்தான இருக்குது."

"இப்பச் சிவப்பைக் காட்டுனா நாம நம்பிக்குவோம்னு காட்டலாமுங்களே."

அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கே அப்படி ஒரு நினைப்பு இருந்தது.

"சரி, நீங்க வெச்ச பழைய தோற்றமுன்னு சொல்றீங்களே, அதுல அளவுகோல் எங்கிருந்து ஆரம்பிக்குது?"

"இருக்கறதுலயே கொறஞ்ச விலைக்குக் கொஞ்சம் கீழ இருந்து."

"எதுக்கு அப்படி வெச்சீங்க?"

"பாக்கறவங்க அசந்து போகாம இருக்கோணும்னு. அப்பத்தான் அடிக்கடி திறந்து பாப்பாங்கன்னு அன்னைக்கு இருந்த மேனேஜர் சொன்னாரு."

"அப்ப அதுவும் பயமுறுத்தறதுக்கு வெச்சதுதான்." அவள் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு அல்ல. "தப்பு என்ற மேலயும் இருக்குதுங்க. கணக்கு டீச்சர் நான். ஓரத்துல எண்ணு கெடக்குது, அதைப் பாக்காம கோட்டைப் பாத்து ஏமாந்திருக்கறேன். எனக்குக் கோடே வேண்டாம்."

எழுந்து, நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைத் திரை முன்னால் உட்காரச் சொன்னாள்.

"நீங்க படிங்க. வெறும் எண்ணு மட்டும். ஐநூறுக்குக் கீழ போயிருந்தா எல்லாத்தையும் இப்பவே வித்துப் போடலாம். மேல இருந்தா இருக்கட்டும்."

ஐநூறுக்குக் கீழே என்றால் பணம் போதாமல் வடவள்ளி வீடு கைவிட்டுப் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். அந்த வீட்டில் எந்த அறையில் தொட்டில், எந்த அறையில் பொம்மை என்பதைக்கூட அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். ஜன்னலுக்குக் கம்பி வலை போட ஆளிடம் பேசியிருந்தாள்.

திரையைப் பார்த்தேன். நானூற்று எண்பத்தாறு.

அவளைப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. குளித்த தலையில் முடிந்திருந்த துண்டு, ரவிக்கைக்கு மேலே கழுத்து. அந்தக் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. முன்பு பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் பிரிவுபசார விழாவில், பேச மைக்கைக் கொடுத்தபோது குரல் வராமல் நின்றாளே, அன்றைக்கும் இப்படித்தான் துடித்தது. அன்று நான் கீழே உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரம் போனால் விலை ஏறலாம். மத்தியானம் ஏறலாம். ஏறாவிட்டால் சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்போதே போட்டு உடைக்க வேண்டுமா?

"ஐநூத்தி ரெண்டு" என்றேன்.

அவள் முதுகு நிமிர்ந்தது.

"நெசமாலுமுங்களா?"

"நெசமாத்தான்."

அவள் நாற்காலியை மெல்லத் திருப்பினாள். மடியில் செல்போன் இருந்தது. அதில் வெள்ளைப் பின்னணியில், கோடும் நிறமும் எதுவும் இல்லாமல், நானூற்று எண்பத்தாறு என்று மட்டும் இருந்தது.

"காலையில மார்க்கெட் தொறந்ததுமே போன் போட்டு எல்லாத்தையும் வித்துட்டேனுங்க" என்றாள். "வடவள்ளி வீடு வேண்டாம்னு அவங்ககிட்டயும் சொல்லியாச்சு. நம்ம மாடியிலயே நாலஞ்சு கொழந்தைகளை வெச்சுப் பாத்துக்கறேன்."

"அப்புறம் எதுக்கு என்னைப் படிக்கச் சொன்னே?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கலாம்னு தோணுச்சு."

"நீ பயந்துக்குவேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க" என்றாள். நாற்காலியை இருந்த இடத்திலேயே இழுத்துப் போட்டாள். துண்டை அவிழ்த்துக் கொடியில் காயப்போட்டாள். எதிலும் அவசரம் இல்லை, எதையும் ஓங்கி வைக்கவில்லை.

"கோவமா, அம்முணி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சாப்பாடு எத்தனை மணிக்கு வேணும்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் நம்பவில்லை.